புதுப்பிப்பு: ஏரிக்கரை ஆலைக்கு எதிரான நகர மன்றத் தீர்மானம் நிறைவேறியது

ஏரிக்கரையில் வரவிருக்கும் ஆலையை எதிர்த்து நகர மன்றத்தைத் தீர்மானம் போட வைப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கையெழுத்து மனு பலிக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். "வார்டு கவுன்சிலரைப் பிடித்து, தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்ற யோசனைதான் வேலை செய்தது. நான் இரண்டு பக்கம் எழுதினேன். அவர் சிரித்துவிட்டு நாலு வரியாக்கச் சொன்னார். சரி, அதுவும் நல்லதுதான். அடுத்த கூட்டத்திலேயே நிறைவேறியது.

எதிர்பாராத விஷயம் ஒன்று: ஆலைக்கு அனுமதி தருவது வேறு துறை, மன்றத் தீர்மானம் அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆலை பற்றிப் பொதுமக்களிடம் நடக்கும் கருத்துக்கேட்பு முடிவதற்குள் தீர்மானத்தை அந்தத் துறைக்கு அனுப்பியதால், அது எதிர்ப்பாகக் கோப்பில் ஏறிவிட்டது. கருத்துக்கேட்பின் கடைசித் தேதியை முதலிலேயே பாருங்கள். எங்களுக்கு இரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது.