குச்சி வைத்துக் கழித்தல்: பெற்றோருக்கு என்ன சொல்வது?

சித்தூர் டீச்சர்:
பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம் தமிழ்வழி எல்.பி. ஸ்கூலில் (தொடக்கப்பள்ளியில்) இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 42இல் 17ஐக் கழிக்க ஈர்க்குச்சிக் கட்டுகளோடு நாலு நாள் போனது, நோட்டில் ஒரு கணக்கும் ஏறவில்லை. ஒரு பையனின் அப்பா வாசலிலேயே கேட்டுவிட்டார்: "பொள்ளாச்சியில எங்க அக்கா மவன் பக்கம் பக்கமா கணக்குப் போடுறான். இங்க குச்சி வெச்சு விளையாடுறாங்களே டீச்சர்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, அது மனதை அறுக்கிறது. ஆசிரியர்களின் கிளஸ்டர் கூட்டத்தில், பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜே, விகாட்ஸ்கி, புரூனர் என்று பெயர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னது நம் பாடப்புத்தகத்துக்குள் எங்கே இருக்கிறது? வெள்ளிக்கிழமை கிளாஸ் பி.டி.ஏ., அதாவது பெற்றோர்-ஆசிரியர் கூட்டம்.

கொழிஞ்சாம்பாறை மாஷ் (ஆசிரியர்):
டீச்சர், அந்த நாலு நாளும் வீண் இல்லை. அமெரிக்க உளவியலாளர் புரூனர் 1966இல் சொன்ன வரிசை அது. முதலில் கையால் செய்வது, பிறகு படமாகப் பார்ப்பது, கடைசியில் குறியீடு. ஒரு கட்டைப் பிரித்துப் பத்துக் குச்சியாக்கிய பிள்ளைக்குத்தான் 'கடன் வாங்குதல்' என்றால் என்ன நடக்கிறது என்று தெரியும். இல்லாவிட்டால் 4ஐ அடித்து 3 போடுவது வெறும் பழக்கம். 2இல் 7 போகாது என்றதும் 7இல் 2ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பில்கூடப் பார்த்திருக்கிறேன்.

இதே கழித்தல் மூன்றாம் வகுப்பில் பெரிய எண்களோடு திரும்பி வருவதும் அவர் யோசனைதான். 1960இலேயே அதைச் சுருள் பாடத்திட்டம் என்றார். 'போன வருஷம் முடித்ததுதானே' என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஏழு வயதை ஒட்டித்தான் பொருளைத் தொட்டுப் பார்த்து முறையாக யோசிக்கும் பருவம் தொடங்குகிறது என்றார் பியாஜே. தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு 2005இலும் நம் கேரளத்தின் 2007 வடிவமைப்பிலும் பிள்ளை தானே அறிவைக் கட்டுகிறது என்ற கருத்து வந்தது இந்த வழியில்தான்.

ஆனால் அந்த அப்பாவையும் தள்ளிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் மனம் தாங்கும் சுமை கொஞ்சம்தான். ஆஸ்திரேலிய உளவியலாளர் ஸ்வெல்லர் 1988 முதல் இதை எழுதிவந்தார். 12இல் 7 போனால் 5 என்பது நாக்கு நுனியில் இருந்தால்தான் மற்றதை யோசிக்க இடம் இருக்கும். குச்சி முடிந்ததும் தினம் பத்து நிமிஷம் வாய்க்கணக்கு வையுங்கள்.

தேவிகுளம் அக்கா:
தேயிலை எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். அம்மா கொழுந்து எடை போட்டு வந்து "இன்னைக்கு 38 கிலோ" என்றதும் "நாப்பதுக்கு ரெண்டு குறைச்சல்" என்று சொல்லும் பிள்ளை, கரும்பலகையில் 40 − 38 என்று எழுதினால் விழிக்கும். விகாட்ஸ்கி சொன்னது எனக்குப் புரிந்தது அங்கேதான். தனியாக எட்டாததைத் தெரிந்தவர் துணையோடு எட்டும் பிள்ளை, அதுவும் பேச்சு வழியாக. குழுவாக உட்கார வைக்கச் சொல்வது அதற்காகத்தான். நன்றாகச் செய்கிற நாலு பேரையும் ஒரே பெஞ்சில் போட்டுவிடாதீங்க டீச்சர். நம்ம ஊர்ப் பேச்சிலேயே கணக்கைச் சொல்ல விடுங்க.

சித்தூர் டீச்சர்:
மாஷ், அக்கா, ரொம்ப நன்றி. இடம் மாற்றி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்க்கப் பியாஜே செய்த சோதனையைக் கைநூலில் தேடிப் பிடித்து, இன்று ஒன்றாம் வகுப்பில் புளியங்கொட்டையை வைத்துச் செய்தேன். ஏழு ஏழாக இரண்டு வரிசை. ஒரு வரிசையில் மட்டும் கொட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்ததும் பாதிப் பேர் அதில்தான் கூட இருக்கு என்றார்கள். எண்ணிக் காட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. என் இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணை அழைத்தேன். "எடுக்கவும் இல்ல, போடவும் இல்லையே டீச்சர்" என்றாள்.

வெள்ளிக்கிழமை புளியங்கொட்டையோடும் குச்சிக்கட்டோடும் போகிறேன். 42 − 17ஐ அந்த அப்பாவையே பிரித்துக் காட்டச் சொல்லப் போகிறேன்.