சாயங்காலம் போனுக்குப் பதில் பல்லாங்குழி: முத்துக்கு எங்கே போவது?

கேள்வி: பிள்ளைகளோடு பல்லாங்குழி ஆட ஆசை. பலகை இருக்கிறது, முத்தாகப் போடச் சோழி இல்லை. வாங்கியே ஆகணுமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம், புளியங்கொட்டை போதும். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70. தொலைந்துபோகும், பத்து கூடுதலாக வையுங்கள். சதை ஒட்டியிருந்தால் பிசுபிசுக்கும், எறும்பு வரும். கழுவி 2 நாள் வெயிலில் காயவையுங்கள். ஓட்டை விழுந்ததில் வண்டு இருக்கும், எறிந்துவிடுங்கள். குன்றிமணி மட்டும் கூடாது. பார்க்க அழகு, ஆனால் கொடிய நஞ்சு. சின்னதுகள் வாயில் போட்டுவிடும்.

பதில் 2: பலகை இல்லாதவர்கள் தரையில் சாக்பீஸால் இரண்டு வரிசை, வரிசைக்கு 7 வட்டம் போட்டாலே ஆடலாம்.

கேட்டவர்: நன்றிங்க. கடைசி முத்தைப் போட்டதும் என்ன செய்யணும்? அங்கேதான் சண்டை வருகிறது.

பதில் 1: அடுத்த குழியில் முத்து இருந்தால் அள்ளித் தொடரணும். காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் காலி என்றால் ஒன்றும் கிடையாது, அடுத்து ஆடும் முறை எதிராளிக்கு. காலிக்குழியில் ஒவ்வொன்றாக விழுந்து 4 சேர்ந்தால் அது பசு. குழி யார் பக்கமோ அவருக்கு. தடவி எடுக்கும்போது எதிர்க்குழி முத்தும் சேருமா என்பது ஊருக்கு ஊர் மாறும். முதல் முத்தைப் போடுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.