புதுப்பிப்பு: எங்கள் தெருக் குப்பை வண்டி, ஒரு மாதம் கழித்து

தெருமுனைத் தொட்டியை எடுத்துவிட்டு மாநகராட்சி வீடு வீடாக வண்டி அனுப்பத் தொடங்கியதையும், தெருவே இரண்டாகப் பிரிந்து பேசுவதையும் போன மாதம் எழுதியிருந்தேன். பலர் விசாரித்ததால் இது.

வண்டி தினமும் வருகிறது, காலை ஏழரைக்கு. அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுபவர்களின் கோபம் தீரவில்லை, நியாயமான கோபம்தான். எதிர்வீட்டுப் பாட்டி இப்போது நாலு வீட்டு வாளிகளைத் தன் திண்ணையில் வாங்கி வைத்துக் கொடுக்கிறார்.

பிரித்துப் போடுவதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. மக்குவது, மக்காதது, பேட்டரி, பல்பு போன்ற ஆபத்தானவை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 2016-லேயே விதி வந்துவிட்டது. நேற்று வண்டியோடு வரும் அக்கா ஒரு பையை அவிழ்த்தார். சாம்பார் சாதத்துக்குள் உடைந்த டியூப்லைட். அவர் கையுறை கிழிந்து இரண்டு விரல் வெளியே தெரிந்தது. அந்த டியூப்புக்குள் பாதரசம் இருக்கிறது. "வரி கட்டுறோம், நாங்களே ஏன் பிரிக்கணும்?" என்பவர்கள் அந்த விரல்களைப் பார்த்திருக்க வேண்டும்.

புதுக் கையுறை கேட்டு 31 வீட்டார் கையெழுத்துடன் வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதுவரைக்கும் நாங்களே இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.