ஸ்டாஷ் போட்டுத் திரும்பி வந்தால் புது ஃபைல் மட்டும் காணோம்

தறிக்காரர் மகன்:
மருந்துக்கடை பில்லிங் மென்பொருள் ஒன்றைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட் (Git) பயன்படுத்துகிறேன். நேற்று தனி பிராஞ்சில், அதாவது மெயின் என்ற முதன்மைக் கோடைத் தொடாத தனிக் கிளையில், தள்ளுபடிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பழைய ஃபைல்களில் திருத்தம், டிஸ்கவுண்ட் என்று புது ஃபைல் ஒன்று. பாதியில் கடைக்காரரின் போன்: பில்லில் ஜிஎஸ்டி இரண்டு தடவை விழுகிறதாம். என் வேலை கமிட் பண்ணும், அதாவது கிட்டில் பதியும் நிலையில் இல்லை. பாதி வேலையை ஒதுக்கிவைக்க கிட் ஸ்டாஷ் அடித்து, மெயினுக்குப் போய், சரிசெய்து, கிட் ஆட் புள்ளி (ஃபோல்டரில் மாறியது, புதியது எல்லாவற்றையும் சேர்க்கும்), கமிட், சர்வருக்கு புஷ். என் பிராஞ்சுக்குத் திரும்பி வந்து, ஒதுக்கியதை எடுக்க ஸ்டாஷ் பாப் கொடுத்தால் மூன்று திருத்தமும் வந்துவிட்டது, டிஸ்கவுண்ட் ஃபைல் மட்டும் இல்லை. ஸ்டாஷ் லிஸ்டும் காலி. இருநூறு வரிக்கு மேல் இருக்கும். மறுபடி எழுத வேண்டியதுதானா?

பழைய டெர்மினல்:
எழுத வேண்டாம். அந்த ஃபைல் ஸ்டாஷுக்குள் போகவே இல்லை. இதுவரை கிட் ஆட் பண்ணாத புது ஃபைலை வெறும் ஸ்டாஷ் தொடாது, இருந்த இடத்திலேயே விட்டுவிடும். நீங்கள் மெயினுக்குப் போனபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது. அங்கே ஒரு புள்ளி வைத்தீர்களே, அது அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஜிஎஸ்டி கமிட்டைத் திறந்து பாருங்கள், உள்ளே உட்கார்ந்திருக்கும். மெயினில் பதிவாகிவிட்டதால், பிராஞ்ச் மாறியதும் கிட் அதை உங்கள் ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டது.

உங்கள் பிராஞ்சில் நின்று 'கிட் செக்அவுட் மெயின்' என்று அடித்து, அதே வரியில் இடம் விட்டு இரண்டு சிறு கோடு (--), மறுபடி இடம் விட்டு ஃபைல் பெயர். வந்ததும் அங்கேயே கமிட் பண்ணுங்கள், அரைகுறையாக இருந்தாலும் சரி. பிறகு மெயினில் கிட் ஆர்எம் போட்டு நீக்குங்கள். இனி ஸ்டாஷ் என்றால் மைனஸ் யூ (-u) சேர்த்தே அடியுங்கள், புது ஃபைலும் உள்ளே போகும். மைனஸ் ஏ (-a) வேண்டாம். கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட்இக்னோரில் எழுதிவைத்ததையும் சுருட்டிவிடும். ஒருமுறை வெளி லைப்ரரிகள் குவிந்து கிடக்கும் என் நோட் மாட்யூல்ஸ் (node_modules) ஃபோல்டர் மொத்தமும் ஸ்டாஷுக்குள் போனது. டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை.

இரவுப்பறவை:
இந்த மாதிரி அவசரத்துக்கு நான் ஸ்டாஷையே தொடுவதில்லை. கிட் வொர்க்ட்ரீ ஆட் கொடுத்தால் பக்கத்து ஃபோல்டரில் மெயின் தனியாகத் திறக்கும், பாதி வேலை அப்படியே கிடக்கும். 2015 முதல் இருக்கிற வசதி, ஏனோ யாரும் சீண்டுவதில்லை.

தறிக்காரர் மகன்:
கிடைத்துவிட்டது! 214 வரி. கடைக்கு அனுப்பிய பதிப்பிலும் அது போயிருக்கிறது. நல்லவேளை, அதை வேறு எந்த ஃபைலும் இன்னும் இம்போர்ட் பண்ணி அழைக்கவில்லை.