எரிக் லிடல்: ஸ்காட்லாந்து அணியின் விங்கராக ஆடிய காலம்

பாளையங்கோட்டை வாசகர்:
எரிக் லிடல் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஞாயிறு பள்ளியில்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் அதில் ஓட மறுத்தவர், 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர், மிஷனெரியாகச் சீனாவுக்குச் சென்று 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் உயிர்நீத்தவர் என்று எங்கள் ஆசிரியை சொல்லுவார். அதே வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். அவர் ஸ்காட்லாந்துக்காக ரக்பியும் ஆடினார் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். ஓட்டத்தில் கிடைத்த புகழால் அணியில் சேர்க்கப்பட்டாரா, உண்மையிலேயே தேர்ந்த ஆட்டக்காரரா? ரக்பியை விட்டதற்கும் ஞாயிறுதான் காரணமா? என் வகுப்புப் பையன்கள் கபடி ஆடுகிறவர்கள். அவர்களிடம் தவறாகச் சொல்லிவிடக் கூடாது.

நாசரேத்துக்காரர்:
தேர்ந்த ஆட்டக்காரரேதான், தம்பி. எடின்பரோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, இருபது வயது நிறைய இரண்டு வாரம் இருக்கையில், 1922 ஜனவரி 2 அன்று பாரிஸை அடுத்த கொலோம்ப் மைதானத்தில் பிரான்சுக்கு எதிராக முதல் பன்னாட்டு ஆட்டம் ஆடினார்; அது 3-3 என்று சமனில் முடிந்தது. இரண்டே பருவங்களில் 7 ஆட்டங்கள், 4 ட்ரை (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்த் தரையில் அழுத்திப் புள்ளி பெறுவது). 1923இல் கார்டிஃபில் வேல்ஸை 11-8 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு ட்ரை அவருடையது. அந்த ஊரில் ஸ்காட்லாந்து வென்று 33 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைத்தால் அதன் அருமை புரியும்.

ஞாயிறு காரணமில்லை. அந்த கார்டிஃப் ஆட்டம் சனிக்கிழமை, கொலோம்ப் ஆட்டம் திங்கட்கிழமை. 1923க்குப் பின் ஒலிம்பிக் பயிற்சிக்காகவே ரக்பியை நிறுத்தினார்.

தாமிரபரணிக் கரை:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சென்னையில் படித்தபோது நானும் விங்கில், அதாவது வரிசையின் ஓரத்தில், ஆடியவன். ரக்பியில் பந்தை முன்னோக்கிக் கையால் எறியக் கூடாது என்பதால், சாய்ந்த வரிசையில் ஓடிவருகிறவர்கள் பின்னால் வருகிறவருக்கு மாற்றிக்கொண்டே வர, ஓரக்கோட்டை ஒட்டி நிற்கும் கடைசி ஆளிடம் அது வந்து சேரும்போது அவருக்கு எஞ்சியிருப்பது சில அடி அகலமான இடமும் எதிரே பாய்ந்து வரும் ஒருவரும்தான். லிடலுக்கு உள்பக்கம் ஆடிய சக ஆட்டக்காரர் கிரேசி சரியான நேரத்தில் பந்தை விடுவித்ததையும் பையன்களுக்குச் சொல்லுங்கள். வேகம் மட்டும் இருந்தால் விங்கர் ஆகிவிட முடியாது. வ.உ.சி. மைதானத்தில் ஐந்து பேரைச் சாய்வாக நிறுத்தி ஓடவிட்டால் ஒரே முறையில் விளங்கிவிடும். கணுக்கால் பிடி அவர்களுக்குத் தெரிந்ததே. எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டியதும் பந்தைத் தரையில் அழுத்த வேண்டும், அதுதான் ட்ரை. இன்றைக்கு 5 புள்ளி, அன்றைக்கு 3.

நாசரேத்துக்காரர்:
பணத்தைப் பற்றியும் கேட்பார்கள். லிடல் ஆடிய ரக்பி யூனியன் என்ற வகை ரக்பியில் 1995 வரை ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் தர விதி இடம் கொடுக்கவில்லை. படிப்புக்கும் ஊழியத்துக்கும் நடுவே நேரம் ஒதுக்கி ஆடியவர்தான் லிடல்.

பாளையங்கோட்டை வாசகர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 1924 ஒலிம்பிக்கின் முதன்மை மைதானமும் கொலோம்ப்தான் என்று இப்போது பார்த்தேன். பத்தொன்பது வயதில் ரக்பிச் சட்டையுடன் இறங்கிய அதே இடத்தில்தான் 400 மீட்டரும் ஓடியிருக்கிறார். வரும் வகுப்பை அங்கிருந்தே தொடங்குகிறேன்.