மஞ்சள் தலை ஜாஃபிஷ் வளை தோண்டுகிறது, உடனே இடிந்துவிடுகிறது. என்ன செய்ய?

நீலத்தொட்டி:
வணக்கம். சென்னையில் மூன்றடி கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், சுமார் 180 லிட்டர், ஒன்றரை வருடமாக ஓடுகிறது. ஐந்து நாள் முன்பு ஒரு மஞ்சள் தலை ஜாஃபிஷ் (மணலில் வளை தோண்டி வாழும் சின்னக் கடல்மீன்) வாங்கினேன். "எந்த மணலாக இருந்தாலும் அதுவே தோண்டிக்கொள்ளும்" என்றார் கடைக்காரர். வாய் நிறைய மணலை அள்ளி வெளியே துப்புகிறது, துப்பிவிட்டுத் திரும்புவதற்குள் சுற்றியிருக்கும் மணல் சரிந்து குழி மூடிவிடுகிறது, மறுபடி அள்ளுகிறது, மறுபடி சரிகிறது. இப்போது அலுத்துப்போய் பம்புக்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கிறது. குருணைத் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று இரவு கரண்ட் போனபோது சொத்தென்று ஒரு சத்தம், டார்ச் அடித்துப் பார்த்தால் மீன் தரையில்! தூக்கிப் போட்டேன், வால் லேசாகக் கிழிந்திருக்கிறது, மூச்சு விடுகிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி, உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 27 டிகிரி. மணல் சர்க்கரை போலப் பொடி, உயரம் 5 செ.மீ. இது பிழைக்குமா?

உவர்நீர்:
மணல், தீவனம் எல்லாம் அப்புறம். முதலில் தொட்டியை மூடுங்கள், இன்றைக்கே. ஜாஃபிஷ் சாவது பெரும்பாலும் நோயால் இல்லை, குதித்துத்தான். ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் அடிப்பவரிடம் அளவு கொடுத்தால் அலுமினியச் சட்டத்தில் நைலான் வலை போட்டுத் தருவார். குழாய் நுழையும் மூலையில் விடும் இரண்டு விரல் சந்துகூட இதற்குப் போதும், அதையும் அடையுங்கள். சட்டென்று இருட்டானால் மிரண்டு மேலே பாயும், நேற்று நடந்தது அதுதான். கொஞ்ச நாளைக்கு அறையில் ஒரு விடிவிளக்கு எரியட்டும், முடிந்தால் அதை இன்வெர்ட்டரில் போடுங்கள்.

இனி மணலுக்கு வருவோம். கிணறு வெட்டும்போது மண் சரியாமல் உறை இறக்குவார்கள் இல்லையா, இந்த மீனும் அதைத்தான் செய்கிறது. கரீபியன் கடலில் அது வாழும் இடம் மணலும் உடைந்த பவளமும் சிப்பியும் கலந்த தரை. ஒவ்வொரு கல்லாக வாயில் தூக்கிவந்து வளையின் சுவரில் அடுக்கும், பக்கத்து வளைக்காரனின் கல்லைத் திருடவும் தயங்காது. நீங்கள் அதற்குக் கொடுத்திருப்பது சர்க்கரை மூட்டை, அதில் எப்படிக் கிணறு வெட்டும்? மீன் 10 செ.மீ. வளரும், அதனால் 12 முதல் 15 செ.மீ. ஆழமாவது வேண்டும். சரி, பாறைகள் எதன்மேல் நிற்கின்றன, மணல் மேலா, கண்ணாடி மேலா? வேறு என்ன மீன்கள் இருக்கின்றன?

மெரினாகாத்து:
ப்ரோ, ராமேஸ்வரம் பக்கம் போனால் கரையிலேயே பவளத் துண்டு கிடைக்கும், ஒரு பை அள்ளிவந்தால் வேலை முடிந்தது.

பழையமீன்காரன்:
தம்பி, அந்த வேலையே வேண்டாம். கடினப் பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் செத்துக் கிடந்ததுதானே என்று சொன்னாலும் வனத்துறையிடம் எடுபடாது. வீட்டில் மட்டி சமைத்தால் ஓட்டை எறியாமல் நன்றாகக் கொதிக்கவைத்துக் காயப்போட்டு உடையுங்கள். கோழித் தீவனக் கடையில் விற்கும் உடைத்த கிளிஞ்சலும் சரிதான், வெள்ளைத் தண்ணீர் வருவது நிற்கும்வரை பத்து முறையாவது அலச வேண்டும். முக்கியம் என்னவென்றால் எல்லாம் ஒரே அளவில் இருக்கக் கூடாது. கடுகு அளவு, புளியங்கொட்டை அளவு, கொட்டைப்பாக்கு அளவு என்று கலந்து இருந்தால்தான் ஒன்றை ஒன்று பிடித்து நிற்கும்.

நீலத்தொட்டி:
நன்றி அண்ணா. வலைக்கு அளவு கொடுத்தாயிற்று, அதுவரை பழைய கொசுவலையைக் கிளிப் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். பாறை மணல் மேல்தான் நிற்கிறது. மீன்கள்: இரண்டு கோமாளி மீன், அப்புறம் ஒரு ஊதா டாட்டிபேக். அது சின்னதுதான், இரண்டரை அங்குலம். தொட்டி முழுக்க ஆழமான மணல் போட்டால் பழைய மணல் கலங்கி எல்லாம் செத்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார், உண்மையா?

உவர்நீர்:
டாட்டிபேக்கை இவ்வளவு நேரம் மறைத்துவிட்டீர்களே! அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது மகா ரவுடி. ஜாஃபிஷ் பம்புக்குப் பின்னால் ஒண்டுவதற்கு மணல் பாதிக் காரணம் என்றால் இது மீதிக் காரணம். அதைப் பிடித்து சம்பில் (வடிகட்டி வைக்கும் துணைத்தொட்டியில்) போடுங்கள், இல்லையென்றால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். கோமாளிகளால் பிரச்சினை இல்லை.

பயமுறுத்தியவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒன்றரை வருட மணலை மொத்தமாகக் கிளறினால் அடியில் தங்கிய அழுக்கு எல்லாம் தண்ணீரில் கலக்கும். அழுகிய முட்டை வாசனை வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு என்று அர்த்தம். ஆனால் தொட்டி முழுவதும் ஆழம் தேவையே இல்லை. 15 செ.மீ. உயரமுள்ள, சமையலறையில் மாவு போட்டு வைக்கும் மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடி இல்லாமல், புதிதாக வாங்குங்கள். தண்ணீர் வேகம் குறைந்த மூலையில் மணலை மெதுவாக ஒதுக்கிவிட்டு டப்பாவை அடிக்கண்ணாடியில் உட்காரவைத்து, பாதி மணலும் பாதி உடைத்த ஓடுமாக நிரப்புங்கள். ஒரு அங்குல பிவிசி எல்போவை (வளைந்த குழாய்த் துண்டு) சாய்வாகப் புதைத்து வாய் மட்டும் வெளியே தெரியவிட்டால் முதல் நாள் தங்க அதற்கு ஒரு வீடு. டப்பா அசிங்கமாகத் தெரிந்தால் முன்னால் இரண்டு கல்லைச் சாய்த்துவிடுங்கள். மற்ற பாறைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கண்ணாடி மேல் நிற்கும்படி செய்யுங்கள், மணல் மேல் நிற்கும் பாறைக்கு அடியில் இது தோண்டினால் பாறை இதன்மேலேயே விழும்.

சாப்பாடு: இது தீவனத்தைத் துரத்திப் போகிற மீன் இல்லை. வளைக்கு மேலே நின்றபடி மிதந்து வருவதைக் கொத்தும். சிரிஞ்சில் ஏர் டியூபை மாட்டி, கரைத்த மைசிஸை (உறையவைத்து விற்கும் பொடி இறால் மாதிரியான தீவனம்) அதன் முகத்துக்கு நேரே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், இப்போதைக்கு நாளைக்கு மூன்று வேளை.

மெரினாகாத்து:
இழையில் இடையே ஒரு கேள்வி. நீலப்புள்ளி ஜாஃபிஷ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, அழகு சொல்லி மாளாது. அதற்கும் இதே டப்பா போதுமா?

பழையமீன்காரன்:
அது கலிபோர்னியா வளைகுடா மீன், குளிர்ந்த நீரில் இருப்பது. 22, 23 டிகிரி தர சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் சென்னை மே மாதத்தில் வைத்தால் காசையும் மீனையும் சேர்த்து இழப்பீர்கள். ஆழமும் இதைவிட அதிகம் கேட்கும். சில்லர் வாங்கிவிட்டு அப்புறம் ஆசைப்படு தம்பி.

நீலத்தொட்டி:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். டாட்டிபேக் போய்விட்டது (பிடிக்க மூன்று மணி நேரம், பாறை பாதி வெளியே). டப்பா வைத்த அன்று இரவே ஜாஃபிஷ் எல்போவுக்குள் நுழைந்தது, நான்காம் நாள் அதை விட்டுவிட்டு பக்கத்திலேயே சொந்தமாகத் தோண்டிக்கொண்டது, வாசலைச் சுற்றி மட்டி ஓடு அடுக்கியிருக்கிறது. மைசிஸ் நன்றாகச் சாப்பிடுகிறது. வாலும் வளர்கிறது. ஆனால் இன்று இரவு பார்த்தால் வளையையே காணவில்லை! இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓடு மட்டும் கிடக்கிறது. உள்ளே இடிந்து மாட்டிக்கொண்டதா? தோண்டிப் பார்க்கட்டுமா?

உவர்நீர்:
கையை வைக்காதீர்கள்!! ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறது, அவ்வளவுதான். காலையில் விளக்கு போட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

நீலத்தொட்டி:
காலை 9.20. ஓடு ஒரு அங்குலம் தள்ளி இருக்கிறது, இரண்டு கண் என்னையே பார்க்கின்றன.