ஆக்டேவில் சொந்த எண் வகுப்பு: எந்த அடிப்படை மெத்தட்களை எழுதியாக வேண்டும்?

கேள்வி

வணக்கம். குனு ஆக்டேவில் (எண் கணக்குகளுக்கான நிரல்மொழி) இடைவெளிக் கணிதத்திற்காக, அதாவது ஒற்றை எண்ணுக்குப் பதில் அது அடங்கும் இரு எல்லைகளை வைத்துக் கணக்கிடுவதற்காக, ஒரு வகுப்பு எழுதிவருகிறேன். @ குறியில் தொடங்கும் ஃபோல்டருக்குள் கன்ஸ்ட்ரக்டரும் (ஆப்ஜெக்டை உருவாக்கும் ஃபங்ஷன்) மற்ற மெத்தட்களும் தனித்தனி ஃபைல்களாக இருக்கின்றன; ஒவ்வோர் ஆப்ஜெக்டிலும் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு ஃபீல்டுகள் உண்டு. கூட்டலுக்கான ப்ளஸ் மெத்தட்டில், இரண்டாவது ஆர்கியுமெண்ட் வெறும் எண்ணாக வந்தால் அதை இடைவெளியாக மாற்றிக்கொள்ளும்படி ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அதனால் ‘எக்ஸ் + 2’ சரியாக வருகிறது, ‘2 + எக்ஸ்’ என்று எழுதினால் மட்டும் “ஸ்கேலர் கேனாட் பி இண்டெக்ஸ்டு வித்.” என்ற பிழைச்செய்தி வருகிறது. பைத்தானில் வலப்பக்கக் கூட்டலுக்கென்றே தனி மெத்தட் இருக்கிறது. ஆக்டேவில் அதற்கு இணையானது எது?

இன்னொரு சிக்கலும் உண்டு. கமாண்ட் விண்டோவில் எக்ஸ் என்று தட்டினால் வகுப்பின் பெயர்தான் தெரிகிறது, எல்லைகள் தெரிவதில்லை. புள்ளி வைத்துக் கீழ் எல்லையைப் படிக்கும் வரி மெத்தட்டுக்குள் ஓடுகிறது, வெளியே ஓடவில்லை. மேல் எல்லையை மாற்ற செட் என்று ஒரு மெத்தட் எழுதி அழைத்த பிறகும் பழைய மதிப்பே நிற்கிறது. பெருக்கலுக்குக் கீழ் எல்லைகளை ஒன்றோடொன்றும் மேல் எல்லைகளை ஒன்றோடொன்றும் பெருக்கிவிடுகிறேன். ஒரு வகுப்பு புழக்கத்துக்கு வர, குறைந்தபட்சம் எந்தெந்த மெத்தட்களை எழுத வேண்டும்?

மறுமொழி 1

வலப்பக்கக் கூட்டலுக்கு ஆக்டேவில் தனி மெத்தட் இல்லை, தேவையும் இல்லை. கூட்டல் குறியின் இரு பக்கங்களில் எந்தப் பக்கத்தில் உங்கள் வகுப்பின் ஆப்ஜெக்ட் இருந்தாலும் உங்கள் ப்ளஸ்தான் அழைக்கப்படும். ஆர்கியுமெண்டுகள் நீங்கள் எழுதிய வரிசையிலேயே உள்ளே வரும். ஆகவே ‘2 + எக்ஸ்’ என்பதில் முதல் ஆர்கியுமெண்ட் வெறும் 2 ஆகவே வந்து சேர்கிறது, நீங்கள் அதில் கீழ் எல்லையைத் தேடுகிறீர்கள்.

இதற்காக ப்ளஸ்ஸுக்குள் இன்னொரு சோதனையைச் சேர்க்காதீர்கள். மாற்றும் வேலை முழுவதையும் கன்ஸ்ட்ரக்டரிடம் விட்டுவிடுங்கள். இடைவெளி ஆப்ஜெக்டையே கொடுத்தால் அதை அப்படியே திருப்பித்தர வேண்டும். ஓர் எண்ணைக் கொடுத்தால் இரு எல்லைகளும் அதே எண்ணாக அமைய வேண்டும். இரண்டு எண்களைக் கொடுத்தால் கீழ் எல்லை மேல் எல்லையைவிடப் பெரிதாக இல்லை என்று சரிபார்த்த பிறகே ஏற்க வேண்டும். எதுவும் கொடுக்காமல் அழைத்தாலும் ஏதேனும் ஓர் இயல்பு மதிப்போடு ஆப்ஜெக்ட் கிடைக்க வேண்டும், ஏனென்றால் சேமித்த ஃபைலிலிருந்து ஆப்ஜெக்டை மீட்கும்போது அப்படித்தான் அழைப்பு வரும். இது அமைந்துவிட்டால், எல்லாக் கணக்கு மெத்தட்களின் தொடக்கத்திலும் இரண்டு ஆர்கியுமெண்டுகளையும் கன்ஸ்ட்ரக்டர் வழியாக ஒருமுறை அனுப்பினால் போதும். வரிசை மாறாமல் வருவதால் ‘2 − எக்ஸ்’ கூடத் தானாகவே சரியாக வரும்.

பெருக்கல்தான் உண்மையில் கவலைக்குரியது, ஏனென்றால் அது பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தருகிறது. [−2, 3] என்பதை [4, 5] ஆல் பெருக்கிப் பாருங்கள். உங்கள் முறையில் [−8, 15] வரும். ஆனால் −2ஐ 5ஆல் பெருக்கினால் −10 அல்லவா? அது உங்கள் விடைக்கு வெளியே நிற்கிறது. நான்கு பெருக்கற்பலன்களையும் கண்டுபிடித்து, அவற்றில் சிறியதைக் கீழ் எல்லையாகவும் பெரியதை மேல் எல்லையாகவும் கொள்ள வேண்டும்; அப்போதுதான் [−10, 15] கிடைக்கும். அடுக்குக்கும் தனி மெத்தட் எழுதுங்கள். [−1, 2] என்பதை அதனாலேயே பெருக்கினால் [−2, 4] வரும். ஆனால் எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது என்பதால் வர்க்கத்தின் விடை [0, 4] ஆக இருக்க வேண்டும். பெருக்கும் மெத்தட்டுக்கு இரு பக்கமும் இருப்பது ஒரே எண் என்று தெரிய வழியில்லை.

மறுமொழி 2

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன்; மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். வரியின் இறுதியில் அரைப்புள்ளி இல்லாதபோது ஆக்டேவ் அழைப்பது டிஸ்ப்ளே மெத்தட்டை. அதை எழுதும்போது எல்லைகளைப் பதினேழு இலக்கங்கள் வரை அச்சிடுங்கள். இயல்பான ஐந்து இலக்கங்களில் அச்சிட்டால் குறுகிய இடைவெளிகளின் இரு எல்லைகளும் ஒரே எண்ணாகத் தெரியும், பிழை தேடும்போது அது பெரும் தொல்லை.

புள்ளியும் அடைப்புக்குறியும் வைத்துப் படிப்பதற்கு சப்ஸ்ரெஃப், அவ்வாறே எழுதுவதற்கு சப்ஸ்அசைன். வகுப்பின் மெத்தட்டுக்குள் இருக்கும்போது ஆக்டேவ் இவற்றை அழைக்காமல் ஃபீல்டை நேரடியாகவே தொடுகிறது, அதனால்தான் ஒரே வரி உள்ளே ஓடி வெளியே நின்றுவிடுகிறது. சப்ஸ்ரெஃப்புக்கு வரும் இரண்டாவது ஆர்கியுமெண்ட் ஒரு ஸ்ட்ரக்ட் வரிசை. அணுகலின் ஒவ்வொரு படிநிலையிலும் வந்த குறி எது, உள்ளே இருந்தது எது என்பது அதில் இருக்கும். பலரும் முதல் படியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எல்லைகள் எண் வரிசைகளாக இருக்கும்போது, கீழ் எல்லையை எடுத்து அதிலிருந்து மூன்றாவது உறுப்பையும் ஒரே வரியில் கேட்டால் இரண்டு படிகள் வரும், எஞ்சிய படியைக் கிடைத்த மதிப்பின் மேல் மீண்டும் சப்ஸ்ரெஃப்பாக ஏவ வேண்டும்.

செட் அழைத்தும் மதிப்பு மாறாததற்குக் காரணம், இந்த வகை ஆப்ஜெக்டுகள் ஃபங்ஷனுக்குள் நகலாகவே செல்கின்றன என்பது. மாற்றிய ஆப்ஜெக்டைத் திருப்பித்தந்து, அழைக்கும் இடத்தில் மீண்டும் எக்ஸிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். சப்ஸ்ரெஃப்பும் சப்ஸ்அசைனும் இருந்தால் கெட், செட் இரண்டும் இல்லாமலே காலம் தள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் சப்ஸ்அசைனில் எல்லைகளின் வரிசையைச் சரிபார்க்காமல் விட்டால், கன்ஸ்ட்ரக்டரில் வைத்த காவல் வீணாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கன்ஸ்ட்ரக்டரை மாற்றியதும் ‘2 + எக்ஸ்’ வேலை செய்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. 0.1 என்ற எண்ணைக் கொடுத்து உருவாக்கிய இடைவெளி உண்மையாகவே 0.1ஐ உள்ளடக்குமா? இவற்றை எல்லாம் கிளாஸ்டெஃப் என்ற, வகுப்பை வரையறுக்கும் புதிய முறையில் எழுதினால் வேலை குறையுமா?

மறுமொழி 3

உள்ளடக்காது. இரும எண்முறையில் 0.1ஐத் துல்லியமாகச் சேமிக்க முடியாது, சேமிக்கப்படுவது 0.1ஐவிட மிகச் சிறிதளவு பெரிய எண். இரு எல்லைகளும் அந்த எண்ணாகவே இருப்பதால் உண்மையான 0.1 இடைவெளிக்கு வெளியே விழுகிறது. கூட்டல், பெருக்கலிலும் இதே நிலைதான், ஒவ்வொரு விடையும் அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்கப்படுகிறது. எளிய தீர்வு, கணக்கு முடிந்ததும் கீழ் எல்லையிலிருந்து அதன் எப்ஸ் மதிப்பை (அந்த எண்ணுக்கும் சேமிக்கக்கூடிய அடுத்த எண்ணுக்கும் உள்ள தூரம்) கழித்து, மேல் எல்லையோடு அதன் எப்ஸ் மதிப்பைக் கூட்டுவது. முழுமையாக்கும் பிழை அடுத்தடுத்த இரண்டு எண்களின் இடைவெளியில் பாதியைத் தாண்டாது என்பதால் இது பாதுகாப்பானது, சற்றுத் தாராளமானதும்கூட. 1க்கு எப்ஸ் ஏறத்தாழ 2.2204 × 10⁻¹⁶. தன் எண்ணின் அளவுக்கேற்ற எப்ஸையே கேட்டு வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். சேமிக்கும்போதே துல்லியமான 2 போன்ற முழு எண்களை விரிக்க வேண்டியதில்லை என்பதால், தசம எண்களை உரையாக வாங்கும் வழி ஒன்றையும் கன்ஸ்ட்ரக்டரில் வைத்து, அங்கு மட்டும் விரிப்பது நல்லது.

கிளாஸ்டெஃப்புக்கு ஆக்டேவில் தொடக்கநிலை ஆதரவு 2015இல் வெளிவந்த 4.0 பதிப்பில் வந்தது. அதில் ப்ராப்பர்ட்டிகளை வெளியிலிருந்து படிக்க சப்ஸ்ரெஃப் எழுதத் தேவையில்லை, எழுத்து வேலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் ப்ளஸ்ஸும் பெருக்கலும் டிஸ்ப்ளேயும் இப்போது எழுதியதைப் போலவே எழுதப்பட வேண்டும். ஆக்டேவின் பல பதிப்புகளில் கிளாஸ்டெஃப் ஆப்ஜெக்டுகளை ஃபைலில் சேமிக்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்; கணக்கின் நடுவில் முடிவுகளைச் சேமித்துவைத்துத் தொடர்பவராக இருந்தால் பழைய முறையே உங்களுக்கு ஏற்றது. கற்பதற்காக எழுதுவது சரி. நிஜ வேலைக்கு என்றால், இடைவெளிக் கணிதத்துக்கான ஐஇஇஇ 1788-2015 தரத்தின்படி எழுதப்பட்ட இன்டர்வல் பேக்கேஜ் ஆக்டேவுக்கு இருக்கிறது. அதன் இன்ஃப்சப் வகுப்பின் பெருக்கல் மெத்தட்டை ஒருமுறை திறந்து படித்துவிட்டு உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.